கல்முனையில் இருந்துகொண்டு டோகாஃப் பரீட்சைக்குத் தயாராவது எப்படி?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறார், இப்போது ஒரு நிதி நிறுவனத்தில் டெக் லீட். டோகாஃப் (TOGAF) சான்றிதழ் எடுக்க ஆசை, அதாவது ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புகள் முழுவதையும் திட்டமிடும் வழிமுறையில் தேறியவர் என்ற சான்று. கொழும்புக்கு வகுப்புக்குப் போகாமல் மூன்று மாதத்தில் முடிக்கலாமா, இணையத்தில் கிடைக்கும் டம்ப் கேள்விகளை, அதாவது பரீட்சையிலிருந்து கசிந்ததாகச் சொல்லும் கேள்வித் தொகுப்புகளை, பாடமாக்கினால் காணுமா என்பது கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தார்: "நான் ஒருநாளும் ஆர்க்கிடெக்ட் என்ற பதவியில் இருந்ததில்லை." ஆர்க்கிடெக்ட் என்றால் அந்தத் திட்டமிடலைச் செய்பவர். தம்பியை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அந்த அனுபவம் இல்லாதவர் இந்தப் பரீட்சையைத் தாண்ட முடியுமா? தாராளமாக முடியும். நான் பார்த்த அளவில், இரண்டாம் பகுதியில் தடுக்கி விழுந்தவர்களில் நல்ல அனுபவசாலிகள் நிறையப் பேர். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் என் பக்கம். கொழும்பில் ஒரு வங்கியிலும் பிறகு வளைகுடாவிலும் ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்லடியில் வீட்டிலிருந்தபடியே அதைத் தொடர்கிறேன். நான் பரீட்சை எழுதியது டோகாஃப் 9 காலத்தில். 2022இல் வந்த 10ஆம் பதிப்புக்கான பரீட்சையை நான் எழுதவில்லை, எழுதப்போன பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஆகவே பரீட்சையின் அமைப்பு, நூலின் உள்ளடக்கம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் படிக்க வேண்டும், சான்றிதழால் என்ன கிடைக்கும் என்பவை என் அபிப்பிராயம்தான். வேறு ஆட்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

டோகாஃப், ஓப்பன் குரூப் என்ற அமைப்பு வெளியிட்டுவரும் வழிமுறை, முதல் பதிப்பு 1995இல் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டாஃபிம் என்ற பழைய சட்டகத்தை அடிப்படையாக வைத்து வளர்ந்தது. ஒரு நிறுவனத்தின் தொழில், தரவு, மென்பொருள், தொழில்நுட்பம் நான்கையும் சேர்த்துப் பார்த்து, இன்றிருக்கும் நிலையிலிருந்து வேண்டிய நிலைக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று அது சொல்கிறது. பரீட்சை இரண்டு பகுதி. ஃபவுண்டேஷன் பகுதியில் 40 கேள்வி, 60 நிமிடம், புத்தகம் பார்க்க ஏலாது, 24 சரியாக இருந்தால் பாஸ். பிராக்டிஷனர் பகுதியில் 8 கேள்விதான், ஆனால் 90 நிமிடம். அங்கே நூலைப் பார்க்கலாம், 40 புள்ளிக்கு 24 வேண்டும். முதல் பகுதிக்கு முன்தகுதி எதுவும் கிடையாது, வேலை அனுபவக் கடிதம் எதையும் யாரும் கேட்பதில்லை. இரண்டையும் ஒரே அமர்வில் சேர்த்தும் எழுதலாம், செலவு குறையும். என்னிடம் கேட்டால் தனித்தனியாக எழுதுங்கள் என்பேன். இரண்டும் கேட்கிற புத்தியே வேறு. முதலாவது பாடமாக்கியவனைச் சோதிக்கிறது, இரண்டாவது பொறுமையாக வாசிப்பவனை.

அந்த 8 கேள்வியின் புள்ளிக் கணக்கை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. மிகச் சரியானதற்கு 5, அடுத்ததற்கு 3, அதற்கும் அடுத்ததற்கு 1, முற்றிலும் பொருந்தாததற்கு 0. எட்டுக் கேள்விக்கும் இரண்டாவது சிறந்த விடையையே தெரிவு செய்தால்கூட எட்டு மூன்று இருபத்திநான்கு, பாஸ்தான். இரண்டு கேள்வியில் பூச்சியம் வாங்கினாலும், மிச்ச ஆறில் மூன்று ஐந்தும் மூன்று மூன்றும் எடுத்தால் அதே 24. இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். அந்தப் பூச்சிய விடையை முதலில் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டு, மிச்சமுள்ளதை ஆறுதலாகப் பாருங்கள்.

பூச்சியம் வாங்குவது எப்படி? ஒரு மாதிரிக் கேள்வியை நானே கட்டிக் காட்டுகிறேன். ஒரு குழுமம் நான்கு ஊர்களில் தனியார் மருத்துவமனை நடத்துகிறது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நோயாளர் பதிவு மென்பொருள். நிர்வாகம் எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொல்கிறது, மருத்துவர்கள் முகம் சுளிக்கிறார்கள், நிதிப் பிரிவு செலவைக் கேட்டு நச்சரிக்கிறது. நீங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட். வேலைக்கான கோரிக்கை, அதாவது ரிக்வெஸ்ட் ஃபார் ஆர்க்கிடெக்சர் வேர்க், கைக்கு வந்துவிட்டது. ஆர்க்கிடெக்சர் விஷன் கட்டம், அதாவது போக வேண்டிய இலக்கைப் பொதுவாக வரையும் ஏ கட்டம், தொடங்குகிறது (கட்டங்களைப் பற்றிக் கீழே வருகிறது). எப்படி முன்னெடுப்பீர்கள்? ஒரு விடை, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றி, நான்கு மென்பொருளையும் ஏபிஐ, அதாவது மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி, மூலம் இணைக்கத் திட்டம் போடுகிறது. இன்னொன்று, தரவு, மென்பொருள், தொழில்நுட்பம் எல்லாவற்றிலும் விரிவான இடைவெளி ஆய்வை, அதாவது இன்றிருப்பதற்கும் வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுவதை, தொடங்குகிறது. மூன்றாவது, பங்குதாரர்களை (பங்கு வாங்கியவர்கள் அல்ல, இந்த வேலையில் அக்கறையோ அதிகாரமோ உள்ள எல்லோரையும்) அடையாளம் கண்டு, அவர்கள் கவலைகளைப் பதிந்து, விஷனை எழுதி ஒப்புதல் வாங்குகிறது. நான்காவது, மூன்றாவதில் உள்ள எல்லாவற்றோடும் ஆபத்துகளை மதிப்பிட்டு, அவற்றைக் குறைக்கும் வழியையும் சேர்த்து ஸ்டேட்மென்ட் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வேர்க்கில், அதாவது செய்யப்போகும் வேலையை விவரிக்கும் ஆவணத்தில், முடிக்கிறது.

எட்டு வருடம் கோட் எழுதிய கை முதலாவதைத்தான் தொடும். உண்மையான வேலையில் அது நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் பரீட்சையில் அது 0, ஏனென்றால் விஷன் கட்டத்தில் நின்றுகொண்டு தீர்வைத் தெரிவு செய்கிறது. இரண்டாவதில் உள்ளது டோகாஃப் வேலைதான், கட்டம்தான் பிழை, அது சி, டி கட்டங்களுக்கு உரியது, 1 என்று வையுங்கள். மூன்றாவது 3, நான்காவது 5. அனுபவசாலிகள் விழுவது இந்த இடத்தில்தான். "எங்கள் கொம்பனியில் இப்படித்தான் செய்தோம்" என்று விடை தேடுவார்கள். கேட்கப்படுவது உங்கள் கொம்பனி அல்ல, நூல். கேள்வியை வாசிக்கும்போது எந்தக் கட்டம், உங்களுக்குக் கொடுத்த பதவி எது, கடைசி வரியில் கேட்டது என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு பிறகு விடைகளுக்குப் போங்கள். ஆர்க்கிடெக்ட் பதவியில் இல்லாதவருக்கு இது இலகு, மறக்க வேண்டிய பழக்கம் குறைவு.

படிப்பின் முதுகெலும்பு ஏடிஎம். பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை, ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெதட். பிரிலிமினரி என்ற ஆயத்தக் கட்டம், பிறகு ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டம், நடுவில் ரிக்வயர்மென்ட்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது தேவைகளைக் கையாளுவது. இதை ஒரு கொப்பியில் பார்க்காமல் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று எழுதிப் பழகுங்கள். பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதால் பெரிய பலன் இல்லை. எந்த ஆவணம் எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வியாக வரும். பலர் குழம்புவது ஈ, எஃப் இரண்டிலும். ஈ கட்டத்தில் முந்திய கட்டங்களின் இடைவெளிகளை ஒன்றாகத் திரட்டி, வேலைப் பொதிகளாகப் பிரித்து, இடைக்கால நிலைகளைத் தீர்மானிப்பார்கள். எஃப் கட்டத்தில் செலவும் பயனும் பார்த்து, எது முதலில் என்று முடிவுகட்டி, நடைமுறைத் திட்டத்தை இறுதியாக்குவார்கள். ஜி கட்டத்தில் கட்டுபவரோடு ஒப்பந்தம், சொன்னபடி நடக்கிறதா என்ற பரிசோதனை. எச் கட்டத்தில் பின்னால் வரும் மாற்றங்களைப் பார்த்து, சின்னத் திருத்தம் போதுமா, சுற்றை மறுபடி தொடங்க வேண்டுமா என்று தீர்மானிப்பது.

ஜி கட்டத்தில் வரும் இணக்க நிலைகளை, அதாவது கட்டியது திட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான பெயர்களை, ஆட்கள் அடிக்கடி மாற்றிப் போடுகிறார்கள், ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிப்பதால். நான் பிள்ளைகளுக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்துச் சொல்வேன். ஐந்து கறிக்கு ஓடர் கொடுத்தீர்கள். மூன்றுதான் வந்தது, ஆனால் மூன்றும் நீங்கள் சொன்னபடி, வேறெதுவும் இல்லை: கம்ப்ளையன்ட். ஐந்தும் சொன்னபடி வந்து, மேலதிகமாக நீங்கள் கேட்காத ஒன்றும் வந்தது: கன்ஃபோர்மன்ட். சொன்னபடி மூன்று வந்தது, இரண்டு வரவில்லை, கேட்காதது இரண்டு வந்தது: கன்சிஸ்டன்ட். ஐந்தும் சொன்னபடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை: ஃபுல்லி கன்ஃபோர்மன்ட். ஓடருக்கும் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை: இர்ரெலவன்ட். கத்தரிக்காயைப் பால்கறி வைக்கச் சொல்ல வேறு மாதிரிச் சமைத்துக் கொண்டுவந்தால் நொன்-கன்ஃபோர்மன்ட், மிச்சம் நாலும் எவ்வளவு திறமாக இருந்தாலும் சரி. இந்த ஆறும் பிடிபட்டால் முதல் பகுதியில் வரக்கூடிய ஒரு கேள்வி கையில் இருக்கிறது, இரண்டாம் பகுதியிலும் உதவும்.

மிச்சமெல்லாம் பயிற்சியால்தான் வரும். பயிற்சிக்குப் பெரிய வங்கி வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் நெல் ஆலைக்குப் பஞ்சமா? சம்மாந்துறைப் பக்கம் ஒரு நடுத்தர ஆலையைக் கற்பனை செய்யுங்கள். இன்று அங்கே நெல் நிறுத்து எழுதும் கொப்பி, எக்செலில் கணக்கு, வாட்ஸ்அப்பில் வரும் ஓடர் என்று மூன்று. முதலாளிக்கு வேண்டியது தராசோடு இணைந்த கொள்வனவுப் பதிவு, ஒரு கணக்கு மென்பொருள், களஞ்சிய இருப்புப் பதிவு. இதற்கு இடைவெளி ஆய்வு அட்டவணை போடுங்கள். இன்றுள்ளவை இடது பக்கம் வரிசைகளாக, வேண்டியவை மேலே நிரல்களாக. வலது ஓரத்தில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு நிரல், அடியில் 'புதியவை' என்று ஒரு வரிசை. கொப்பிக்கு நேரே கொள்வனவுப் பதிவு வரும், எக்செலுக்கு நேரே கணக்கு மென்பொருள். களஞ்சிய இருப்புக்குப் பழையது எதுவும் இல்லை, அது 'புதியவை' வரிசையில் விழும், வாங்குவதா கட்டுவதா என்று யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஓடருக்கு மேலே ஜோடி இல்லை, அது 'நீக்கப்பட்டவை' நிரலில் போய் நிற்கிறது. இப்போது கேளுங்கள்: தெரிந்து நீக்கினோமா, மறந்துவிட்டோமா? கொழும்பு மொத்த வியாபாரிகள் முழுப்பேரும் வாட்ஸ்அப்பில்தான் ஓடர் போடுகிறார்கள் என்றால், புதுச் சிஸ்டம் ஓடத் தொடங்கிய அன்றே வியாபாரம் படுத்துவிடும். அட்டவணையின் வேலையே இப்படித் தவறவிட்டதைக் காட்டிக்கொடுப்பதுதான்.

அதே ஆலைக்குப் பங்குதாரர்களை அதிகாரம், அக்கறை என்று பார்த்துப் பிரிக்கும் அட்டவணையும் போடலாம். முதலாளிக்கு அதிகாரமும் உண்டு அக்கறையும் உண்டு, அவர் முக்கிய ஆள். கடன் கொடுத்த வங்கி மேலாளருக்கு அதிகாரம் உண்டு, உள்விவரத்தில் அக்கறை குறைவு, அவரைத் திருப்தியாக வைத்திருந்தால் சரி. நெல் கொண்டுவரும் விவசாயிக்கு நிறை சரியாகப் பதிகிறதா என்பதில் மிகுந்த அக்கறை, ஆனால் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை, அவருக்கு விவரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். (நூல் சொல்வது இது. விவசாயியை இப்படி மூலையில் வைப்பது சரியா என்று என்னிடம் கேட்டால் நான் வேறு கதை கதைப்பேன். பரீட்சையில் அதை எழுத முடியாது.) பிறகு ஒரு கொள்கை எழுதிப் பாருங்கள்: பெயர், கூற்று, காரணம், விளைவுகள் என்ற நான்கு பகுதியும் இருக்க வேண்டும். "நெல் நிறை ஒருமுறை மட்டுமே, தராசடியில் பதியப்படும்" என்பது நல்ல கூற்று. விளைவுகள் பகுதியை எழுதும்போதுதான் தராசடிக்குக் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்க வரும்.

டம்ப் பற்றி. நேர்மைப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும், அது பரீட்சை விதிக்கும் எதிரானது, பிடிபட்டால் சான்றிதழே போகலாம். அதை விட்டாலும் அவை பிரயோசனமில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் தொகுப்புகளில் நிறைய 9.1, 9.2 காலத்துக் கேள்விகள். டிஆர்எம் என்ற தொழில்நுட்ப மாதிரியை மினக்கெட்டுப் பாடமாக்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது 9.2இலேயே பிரதான நூலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. முதல் பகுதிக்கு 55 வீதம் போதும் என்று போட்டிருந்தால் அதுவும் பழைய கணக்கு. விடைகளும் பல இடத்தில் பிழை, யாரோ ஊகித்து எழுதியவை. ஓப்பன் குரூப்பின் தளத்தில் நூலை இலவசமாகவே வாசிக்கலாம். 10ஆம் பதிப்பில் அடிப்படை உள்ளடக்கம் ஆறு நூல்களாகவும், அதற்கு வெளியே வழிகாட்டித் தொடர் ஒன்றாகவும் பிரித்திருக்கிறார்கள். அறிமுக நூலையும் ஏடிஎம் நூலையும் முழுதாக வாசியுங்கள். மற்ற நான்கையும் பாடத்திட்டம் சொல்லும் பகுதிகளுக்கு மட்டும் திறந்தால் போதும்.

கொழும்பு வகுப்பு வேண்டுமா? கட்டாயமில்லை, இது உறுதி. பயிற்சி நெறி முடிக்காமலே பரீட்சைக்குப் பதியலாம். அலுவலகம் காசு கட்டுகிறது என்றால் போய் இருங்கள், நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம். சொந்தக் காசு என்றால், பரீட்சைக் கட்டணமே டொலரில் நூற்றுக்கணக்கில் போகிறது, அதோடு வகுப்புக் காசும் இரவு ரயிலும் தங்குமிடமும் சேர்ந்தால் கை கடிக்கும். அதைவிட வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்த உங்கள் பழைய கூட்டாளிகளில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை ஒருவருக்கொருவர் ஒரு கட்டத்தை விளக்குங்கள். தமிழில் விளக்குங்கள், அப்போதுதான் விளங்காத இடம் வெளியே வரும். ஆனால் வாசிப்பதும் குறிப்பெடுப்பதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பரீட்சையின் உண்மையான எதிரி நேரம். இரண்டாம் பகுதியில் ஒரு கேள்விக்குப் பதினொரு நிமிடம் சொச்சம்தான், அதில் நீளமான கதையும் நாலு நீண்ட விடையும் வாசிக்க வேண்டும். நூல் திறந்திருக்கிறது என்று நம்பித் தேடப் போனால் நேரம் கரைந்துவிடும். ஐயம் வந்தால் உறுதிப்படுத்த மட்டும் பாவியுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குக் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு இருக்கிறது, பதிவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும், பதிந்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

மூன்று மாதம் போதுமா என்றால், வேலை முடிந்து தினம் ஒரு மணித்தியாலம் உட்காரக்கூடியவருக்குப் போதும் என்பது என் கணிப்பு. முதல் பகுதிக்கு ஆறு கிழமை, மிச்சம் இரண்டாம் பகுதிக்கு. பிள்ளைகுட்டிக்காரர் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழால் சம்பளம் கூடுமா என்பதில் யாரும் உறுதி சொல்ல முடியாது. கொழும்பின் பெரிய வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் கட்டார், துபாய் பக்க வேலை விளம்பரங்களிலும் இந்தப் பெயரைக் கேட்கிறார்கள், அங்கே நேர்முகம் வரை கொண்டுபோகும். பத்துப் பேர் வேலை செய்யும் மென்பொருள் கடையில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தம்பி நிதி நிறுவனத்தில் இருப்பதால், கிளைகளின் சிஸ்டங்களை ஒன்றாக்கும் வேலை என்றைக்காவது மேசைக்கு வரும். அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க ஒரு ஒழுங்கு கிடைக்கும். எனக்கு இதில் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

கடைசியாக, வீட்டிலிருந்து எழுதுவது. பரீட்சையை நடத்தும் பியர்சன் வியூ என்ற நிறுவனம் ஊடாகக் கெமரா முன்னால் வீட்டிலேயே எழுதலாம், கொழும்பு நிலையத்துக்கும் போகலாம். வீடு என்றால் அறையில் நீங்கள் மட்டும், மேசை வெறுமையாக, நடுவில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள், அதற்கும் எச்சரிக்கை வரும். கார்த்திகை, மார்கழி மாரி மழைக்குள் திகதி போடாதீர்கள், நம் பக்கத்தில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று தெரியாது. லப்டொப் மட்டும் பற்றரியில் ஓடிக் காணாது, ரூட்டருக்கும் ஒரு யூபிஎஸ் வேண்டும். பக்கத்துக் கோயிலில் திருவிழா எப்போது என்றும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டுவது நல்லது. கணக்குத் தொடங்கும்போதே பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். நாங்கள் முன்னுக்கு இனிஷியல் போட்டுப் பழகியவர்கள், அங்கே குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். அப்பாவின் பெயர் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதைக் காசு கட்டுவதற்கு முன்னே சரிபார்த்துவிடுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், கட்டிய காசும் திரும்பி வராது.